கொழுப்புக்குக் கூட்டு மாத்திரை எழுதினால் பழைய அட்டையை என்ன செய்வது?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். என் கணவருக்கு 53 வயது, ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். 8 வருஷமாகச் சுகர் உண்டு. போன வருஷம் மாரடைப்பு வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது கெட்ட கொழுப்பு 172 இருந்தது. தினமும் இரவு அட்டோர்வாஸ்டாட்டின் 40 சாப்பிட்டு 94க்கு வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் 100க்குள் இருந்தால் சரி என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். ஆனாலும் போன மாதம் டாக்டர், ரோசுவாஸ்டாட்டின் 20, எசெட்டிமைப் 10 இரண்டும் சேர்ந்த புது மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதையும் பழைய மாத்திரையோடு சேர்த்து இரவில் கொடுத்து வருகிறேன். மூன்று வாரமாகத் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கிறது என்கிறார். ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து இருந்தால் ஈரல் கெட்டுவிடும், சுகர் ஏறும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். இவர் சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். இவருக்கு எப்படி இவ்வளவு கொழுப்பு வந்தது? பூண்டும் மருதம்பட்டைப் பொடியும் கொடுத்து மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே போனில் பேசினோம். பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயமாக அது இல்லை. 'பழைய மாத்திரையோடு சேர்த்து' என்று நீங்கள் எழுதியிருந்த அந்த ஒரு வரிதான் காரணம். உங்களைப் போலவே பல வீடுகளில் இது நடப்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டும் பெயரில்தான் வேறு, வகையில் ஒன்று. இரண்டுமே ஸ்டாட்டின் என்ற கொழுப்பு குறைக்கும் மருந்து வகை. ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு ஸ்டாட்டின்தான். உங்கள் கணவர் மூன்று வாரத்துக்கும் மேலாக இரண்டையும், அதுவும் இரண்டையும் நல்ல உயர்ந்த அளவில், ஒரே இரவில் விழுங்கி வந்திருக்கிறார். தொடையும் கெண்டைக்காலும் வலிப்பதற்கு வேறு காரணம் தேடுவதற்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் உங்கள் மேல் தவறு சொல்ல முடியாது. புதிய சீட்டை எடுத்துப் படிக்கச் சொன்னேன், படித்தீர்கள். அதில் அட்டோர்வாஸ்டாட்டின் இல்லை. டாக்டரைப் பொறுத்தவரை, சீட்டில் ஒரு மருந்து எழுதப்படவில்லை என்றால் அது நிறுத்தப்பட்டது என்று அர்த்தம். வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படித் தோன்றாது. 'நிறுத்து' என்று வாய்விட்டு யாராவது சொன்னால்தான் நிறுத்துவார்கள். அதுவும் ஸ்டென்ட் வைத்தவர் வீட்டில், ஒரு மாத்திரையைக்கூட விடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் அத்தனை முறை சொல்லி அனுப்பிய பிறகு, பாதி மிச்சமிருக்கும் அட்டையைத் தூக்கிப் போட யாருக்கு மனம் வரும்? என்னிடம் வருபவர்களை மருந்துப் பையை அப்படியே மேஜையில் கொட்டச் சொல்லுவேன். சீட்டைப் பார்ப்பதைவிட அதில் தெரிவது அதிகம். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு அட்டையாகக் கிடக்கும். நிறுத்தி ஆறு மாதமான பிரஷர் மாத்திரை புதியதோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கும்.

அன்றைக்கே உங்கள் டாக்டரிடம் பேசி, பழையதை நிறுத்திவிட்டு, தசை பாதிப்பைக் காட்டும் சி.பி.கே., சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ஈரல் என்சைம் மூன்றையும் பார்த்துவிட்டீர்கள். பயப்படும்படி எதுவும் இல்லை என்று மறுநாள் நீங்கள் சொன்னபோது எனக்கும் நிம்மதியாக இருந்தது. மற்ற வாசகர்களுக்கு ஒன்று: ஸ்டாட்டின் சாப்பிடுபவருக்குக் கடுமையான தசை வலியோ தளர்ச்சியோ வந்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். தசை கரைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

94 போதாதா? லேப் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எண் எல்லோருக்கும் பொதுவானது. இதயத்தில் ஒருமுறை அடைப்பு வந்தவருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. இந்திய இதயவியல் சங்கம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மாரடைப்பு வந்தவர் போன்ற மிக அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்கு எல்.டி.எல்., அதாவது கெட்ட கொழுப்பு, 55க்குக் கீழே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் கணவருக்குச் சுகரும் சேர்ந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் 172லிருந்து 94 என்பது நல்ல இறக்கம், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வழிதான். உங்கள் டாக்டர் மருந்தை மாற்றியது நோய் முற்றிவிட்டதால் இல்லை. இன்னும் போக வேண்டிய தூரம் இருப்பதால்தான்.

அப்படியானால் பழைய மாத்திரையையே 80 ஆக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் கூட்டு மருந்தின் நியாயம் இருக்கிறது. ஸ்டாட்டின் அளவை இரண்டு மடங்காக்கினால் பலன் இரண்டு மடங்காவதில்லை. மருந்தில்லாத காலத்து அளவில் இன்னொரு 6 சதவீதம்தான் குறையும். உங்கள் கணவரின் 172ல் 6 சதவீதம் என்றால் ஏறக்குறைய 10. 94 என்பது 84 ஆகும், அவ்வளவுதான். தசை வலிக்கும் ஈரல் என்சைம் ஏறுவதற்குமான வாய்ப்பு மட்டும் கூடிவிடும். அதே இடத்தில் எசெட்டிமைப் 10 மில்லிகிராமைச் சேர்த்தால், இருக்கும் அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் இறங்கும். 94லிருந்து 70ஐ ஒட்டி வரும். ரோசுவாஸ்டாட்டின் 20, அட்டோர்வாஸ்டாட்டின் 40ஐவிடச் சற்று வலுவானது. அதையும் கணக்கில் எடுத்தால் 65க்குப் பக்கத்தில் வரலாம். இது கணக்குப் போட்டுச் சொல்வது. உடம்புக்கு உடம்பு மாறும்.

ஏன் இரண்டு மருந்து சேர்ந்தால் இப்படி இறங்குகிறது? நம் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே, முக்கியமாக ஈரல், தயாரிக்கிறது. அதில் ஒரு பங்கு பித்தநீரோடு சேர்ந்து குடலுக்குப் போகிறது. குடல் அதில் பாதியைப் போல மறுபடி உறிஞ்சி ஈரலுக்கே திருப்பி அனுப்புகிறது. குடலுக்கு வந்து சேரும் கொலஸ்ட்ராலில் நாம் சாப்பிட்டது சிறு பங்குதான், பித்தத்தோடு வருவதுதான் அதிகம். முட்டை தொடாத உங்கள் கணவருக்கு 172 எப்படி வந்தது என்பதற்கு இதுதான் பதில். சைவம் சாப்பிட்டாலும் ஈரல் சும்மா இருப்பதில்லை. பரம்பரையும் சுகரும் அதோடு சேர்ந்துகொள்கின்றன.

ஸ்டாட்டின் ஈரலில் நடக்கும் தயாரிப்பைக் குறைக்கிறது. எசெட்டிமைப் குடலில் நடக்கும் உறிஞ்சலைப் பாதியளவு குறைக்கிறது. உங்கள் ஊர்ப்பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரத்துக்கால் இருக்கும் கண்மாயில் ஒன்றை அடைத்தால் மற்றதில் தண்ணீர் கூடுதலாக வரும். உடம்பும் அப்படித்தான் செய்கிறது. ஸ்டாட்டின் மட்டும் கொடுத்தால் குடல் உறிஞ்சுவதைக் கூட்டிக்கொள்கிறது. எசெட்டிமைப் மட்டும் கொடுத்தால் ஈரல் தயாரிப்பைக் கூட்டுகிறது. இரண்டையும் ஒன்றாக அடைக்கும்போது வேறு வழியில்லாமல் ஈரல் ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல்.ஐயே உள்ளே இழுத்துக்கொள்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

இது கம்பெனிக்காரர்கள் சொல்லும் கதை இல்லை என்பதற்காகச் சில ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். ஸ்டாட்டினின் முன்னோடியை 1970களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார். அந்த வகையில் முதல் மருந்து 1987ல் விற்பனைக்கு வந்தது. எசெட்டிமைப் வந்தது 2002ல். எண்ணைக் குறைக்கிறது சரி, மாரடைப்பைக் குறைக்கிறதா என்ற சந்தேகம் அதன்மேல் பல வருஷம் இருந்தது. 2008ல் வந்த ஓர் ஆய்வில், கழுத்து ரத்தக்குழாயின் சுவர்த் தடிமனில் இந்தச் சேர்க்கை எந்த வித்தியாசமும் காட்டவில்லை. பலர் அப்போதே இதைக் கைவிட்டார்கள்.

2015ல் 'இம்ப்ரூவ்-இட்' ஆய்வின் முடிவு வந்தது. மாரடைப்போ அதற்குச் சமமான நெஞ்சுவலியோ வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த 18,144 பேர். ஒரு பாதிப் பேருக்கு ஸ்டாட்டின் மட்டும், இன்னொரு பாதிக்கு அதோடு எசெட்டிமைப். எல்.டி.எல். முதல் குழுவில் 70ஐ ஒட்டியும் இரண்டாவதில் 54ஐ ஒட்டியும் இருந்தது. 7 வருஷத்தில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை முதல் குழுவில் 100க்கு 34.7 பேருக்கு, இரண்டாவதில் 32.7 பேருக்கு. 100 பேரில் 2 பேர். இதைப் பெரிய பலன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கணவரைப் போலச் சுகரும் இருந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது 45.5க்கு எதிராக 40. 100 பேரில் 5 பேருக்கு மேல் தப்பியிருக்கிறார்கள். ஸ்டென்டோடு சுகரும் இருப்பவருக்கு இந்தச் சேர்க்கையை நான் தயங்காமல் எழுதுவதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று கொரியாவில் நடந்து 2022ல் வெளியான ஆய்வு. இதயநோய் உள்ள 3,780 பேர். ஒரு குழுவுக்கு ரோசுவாஸ்டாட்டின் 20 மட்டும். மற்றதற்கு ரோசுவாஸ்டாட்டின் 10, எசெட்டிமைப் 10. மூன்று வருஷத்தில் மாரடைப்பு, மரணம், பக்கவாதம் போன்றவை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒத்துக்கொள்ளாமல் மருந்தை நிறுத்தியவர்கள் அல்லது குறைத்தவர்கள் முதல் குழுவில் 8.2 சதவீதம், கூட்டு மாத்திரைக் குழுவில் 4.8 சதவீதம். இது ஆசிய உடம்பில் செய்த ஆய்வு என்பது முக்கியம். ஒரே அளவு ரோசுவாஸ்டாட்டின் கொடுத்தாலும் ரத்தத்தில் ஏறும் மருந்தின் அளவு வெள்ளையர்களைவிட ஆசியர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அமெரிக்காவிலேயே ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கிறார்கள். ஆகவே பழைய மாத்திரையை நிறுத்திச் சில வாரம் ஆன பிறகும் உங்கள் கணவருக்குக் கால்வலி போகவில்லை என்றால், ரோசுவாஸ்டாட்டின் 10ம் எசெட்டிமைப் 10ம் உள்ள மாத்திரைக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைக்க வேண்டாம். உடைத்தால் எசெட்டிமைப்பும் பாதியாகிவிடும்.

'இரண்டு மருந்து என்றால் இரண்டு மடங்கு கெடுதல்' என்று உறவினர்கள் சொல்வதற்கும் இந்தக் கொரிய ஆய்வே பதில். எசெட்டிமைப் வேலை செய்வது குடலின் உள்சுவரில். சிலருக்கு லேசான வயிற்றுப்போக்கோ வயிற்றுவலியோ வரும், பெரும்பாலோருக்கு அதுவும் இருக்காது. ஸ்டாட்டினோடு சேரும்போது ஈரல் என்சைம் கொஞ்சம் ஏறலாம். இயல்பான உச்ச அளவைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால்தான் மருந்தை நிறுத்துவது பற்றிப் பேச்சு. ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்தவர்கள் பயந்து ஸ்டாட்டினை நிறுத்துவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து இதயத்திலிருந்துதான், அவர்கள் மாத்திரையை விடவே கூடாது. முற்றிய ஈரல் நோய் உள்ளவர்கள் கதை வேறு, அவர்களுக்கு எசெட்டிமைப் கூடாது. சுகர் விஷயத்தில் உறவினர்கள் சொல்வதில் சிறிது உண்மை உண்டு. ஸ்டாட்டின் சுகரைக் கொஞ்சம் ஏற்றும். ஏற்கெனவே சுகர் உள்ளவருக்கு அந்த ஏற்றத்தைச் சுகர் மருந்தால் சமாளித்துவிடலாம். இரண்டாவது மாரடைப்பை அப்படிச் சமாளிக்க முடியாது.

கூட்டு மாத்திரை என்றால் எல்லாமே இப்படி நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. மெடிக்கல் கடையில் ரோசுவாஸ்டாட்டின் ஒரே பெயரில், பின்னால் ஓர் எழுத்தோ சொல்லோ மாறி, பல அவதாரத்தில் கிடைக்கிறது. பெயரின் வாலில் 'ஈ.இசட்' என்றிருந்தால் பெரும்பாலும் எசெட்டிமைப். 'எஃப்' என்றிருந்தால் ஃபெனோஃபைப்ரேட். 'கோல்டு' என்றிருந்தால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் உள்ளே இருக்கும். ஸ்டென்டுக்காகத் தனியாக ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடும் ஒருவர் கையில் அந்த மூன்றாவது வகை போய்ச் சேர்ந்தால், ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து இரட்டிப்பாகிவிடும், வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். அட்டையின் முன்பக்கப் பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மருந்துகளின் பெயரும் மில்லிகிராமும் இருக்கும். போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஃபெனோஃபைப்ரேட் முக்கியமாக ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பைக் குறைப்பது. அது 500க்கு மேல் போனவர்களுக்குக் கணையம் புண்ணாகாமல் தடுக்க உதவும். ஆனால் சுகர்க்காரர்கள் எல்லோருக்கும் ஸ்டாட்டினோடு அதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த 2010ஆம் வருஷத்து ஆய்வில் மாரடைப்பு குறையவில்லை. நியாசின் என்ற வைட்டமின் பி3 சேர்க்கையும் அப்படியே தோற்றது. ஜெம்ஃபைப்ரோசில் என்ற மருந்தை ஸ்டாட்டினோடு சேர்க்கவே கூடாது. 2001ல் செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்து உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. தசை கரைந்து இறந்தவர்களில் பலர் இந்த இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள்.

இனி வீட்டு நடைமுறை. இந்த மாத்திரையை இரவில்தான் போட வேண்டும் என்று இல்லை. உணவுக்கு முன், பின் என்ற கணக்கும் இல்லை. காலை மாத்திரைகளோடு கொடுத்தால் மறக்காது என்றால் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். போனில் பேசும்போது, வயிற்று எரிச்சலுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இளஞ்சிவப்பு சிரப் ஒரு மூடி குடிப்பார் என்றீர்கள். அந்த வகை சிரப் கூடவே போனால் ரோசுவாஸ்டாட்டினில் பாதி உடம்பில் சேராது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். மாத்திரையைக் காலைக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

4 முதல் 6 வாரத்தில் லிப்பிட் பரிசோதனையும் ஈரல் என்சைமும் மறுபடி பாருங்கள். கூடவே ஒருமுறை தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைவாக இருந்தால் கொழுப்பும் ஏறும், தசையும் வலிக்கும், ஸ்டாட்டின் இன்னும் ஒத்துக்கொள்ளாமல் போகும். அதைச் சரிசெய்யாமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

வலி பற்றி இன்னொன்று. லண்டனில் நடந்து 2020ல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியிருந்த 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டினும் சில மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும், எது எது என்று சொல்லாமல், கொடுத்தார்கள். ஸ்டாட்டினில் வந்த தொந்தரவில் 10க்கு 9 பங்கு வெறும் மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, வலி நிஜம்தான். ஆனால் எல்லா வலிக்கும் மருந்து காரணமில்லை. உங்கள் கணவருக்கு வந்தது இந்தக் கணக்கில் சேராது, இரண்டு ஸ்டாட்டின் உள்ளே போயிருக்கிறது. மற்றவர்கள் முட்டிவலிக்கும் முதுகுவலிக்கும் ஸ்டாட்டின் மேல் பழியைப் போட்டு நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பூண்டு சமையலில் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதனால் எல்.டி.எல். இறங்குவது மிகச் சொற்பம். மருதம்பட்டைப் பொடியும் ஸ்டாட்டினுக்கு மாற்றாகாது. கொடுக்க விரும்பினால் டாக்டருக்குத் தெரிந்து கொடுங்கள், மறைத்துக் கொடுக்காதீர்கள். சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு நாலு மணி டீயோடு என்ன வருகிறது என்று கேட்டேன். வடையும் காராச்சேவும் என்றீர்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய், பாமாயில், வனஸ்பதி, நெய்மிட்டாய் இவை சைவம்தான், ஆனால் எல்.டி.எல்.ஐ ஏற்றுபவை. அந்த நேரத்துக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ, ஒரு பிடி வேர்க்கடலையோ கொடுத்து அனுப்புங்கள். உணவை நன்றாக மாற்றினால் 10, 15 சதவீதம்வரை இறங்கும். 65லிருந்து 55க்கு வர அது பெரிய உதவி. 172லிருந்து 55க்கு வர அது மட்டும் போதாது.

அப்படியும் 55க்கு வரவில்லை என்றால் இன்னும் வழி இருக்கிறது. பெம்பெடோயிக் ஆசிட் என்ற மாத்திரை இப்போது நம் நாட்டிலும் கிடைக்கிறது. அது ஈரலில்தான் உயிர்பெறும், தசையில் இல்லை. அதனால் தசைவலிக்காரர்களுக்குத் தோதானது. யூரிக் ஆசிட் மட்டும் ஏறலாம், கீல்வாதம் இருந்தால் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் ஊசிகள் உண்டு, ஒன்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவது. விலை அதிகம். உங்கள் கணவருக்கு அதுவரை போக வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. 55 வயதுக்கு முன்னால் அப்பாவுக்கு மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகளுக்கும், அவருடைய கூடப்பிறந்தவர்களுக்கும் லிப்பிட் பரிசோதனை அவசியம். இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள் என்றீர்கள், அடுத்த விடுமுறைக்கு வரும்போது பார்த்துவிடுங்கள். பரம்பரையாக வரும் ஒரு கொழுப்புத் துகளை அளக்க லிப்போபுரோட்டீன்-ஏ என்று ஒரு பரிசோதனை உண்டு, வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். உங்கள் கணவருக்கு இதுவரை பார்த்திருக்காவிட்டால் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது ரத்தத்தில் அதிகமாக இருந்தால், உங்கள் பிள்ளைகளுக்கும் அதே பரிசோதனை தேவைப்படும்.